எதிர்ப்பொருள் எங்கே போயிற்று? – திருவாலங்காட்டிலிருந்து ஒரு வாசிப்பு

ஜெனிவாவை ஒட்டியுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தின் வளாகத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு நடராசர் நிற்கிறார். 2004 ஜூன் மாதம் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. பக்கத்துப் பலகையில் ஃப்ரிட்ஜாஃப் காப்ராவின் வரிகள். இந்தச் சிலையின் படத்தைப் போட்டு, 'நம் முன்னோர்கள் அன்றே சொன்னார்கள்' என்று எழுதப்படும் பிரதிகளுக்குக் கணக்கே இல்லை. மேடையில் சொல்கிறார்கள், கும்பாபிஷேக மலரில் அச்சிடுகிறார்கள், இயற்பியல் படித்தவர்களும் தலையாட்டிக் கேட்கிறார்கள். வைதிகப் பெருமிதம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டுப் போவது நம் பக்கத்துப் பழக்கம். ஒதுக்கலாம்தான். ஆனால் அந்த வாசிப்பு எந்த இடத்தில் பிசகுகிறது என்று காட்டாமல் ஒதுக்கினால் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். எனக்குப் படுவது இது: அந்த வாசிப்புக்கு விஞ்ஞானமும் பிடிபடவில்லை, நடராசரும் பிடிபடவில்லை.

ஆனந்த குமாரசாமி 1918-இல் வெளியிட்ட 'சிவ நடனம்' நூலும், காப்ரா 1975-இல் எழுதிய 'இயற்பியலின் தாவோ'வும்தான் இதற்கு மூலப் பிரதிகள். ஒரு கையில் உடுக்கை, ஆக்கம். இன்னொரு கையில் தீ, அழிப்பு. இரண்டுக்கும் நடுவில் சலனமில்லாத முகம். துகள்கள் ஜோடி ஜோடியாகத் தோன்றுவதையும் ஜோடி ஜோடியாக மறைவதையும் இந்த உருவத்தில் காப்ரா பார்த்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆக்கமும் அழிப்பும் உண்மையிலேயே இப்படித் தராசு முள் அசையாமல் நடந்திருந்தால், இன்று பிரபஞ்சத்தில் வெளிச்சத்தைத் தவிர அநேகமாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆடுகிறவன் இல்லை, உலோகம் இல்லை, அதை வார்த்த ஸ்தபதி இல்லை, பலகை எழுத காப்ராவும் இல்லை. இன்றைய இயற்பியலுக்குத் தலைவலி தருகிற விஷயம் அந்தச் சமநிலை அல்ல, அது எப்படிக் கெட்டது என்பது. செர்ன் சிலை அந்தக் கேள்வியை மூடிவிட்டு அதன்மேல் நின்று ஆடுகிறது.

கேள்வியைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். 1928-இல் டிராக் எழுதிய சமன்பாடு எலெக்ட்ரானுக்கு மட்டுமில்லாமல் அதன் மறுபாதிக்கும் இடம் கொடுத்தது. எடை அதே, மின்னேற்றம் நேர்மாறு. 1932-இல் ஆண்டர்சன் அதை விண்கதிர்களில் பார்த்தார். பாசிட்ரான் என்று பெயர். 1955-இல் எதிர்ப்புரோட்டான் கிடைத்தது. ஏதோ வேற்றுலக வஸ்து என்று நினைக்க வேண்டாம். நாம் சாப்பிடும் வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு கதிரியக்கம் உள்ளது; ஒரு பழம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு பாசிட்ரானை வெளியிடுகிறது. சென்னை ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்கு எடுக்கும் பெட் ஸ்கேன் பாசிட்ரானை வைத்துத்தான் நடக்கிறது. பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் சேர்ந்து கதிராகிவிடும். அவ்வளவுதான்.

தமிழில் 'எதிர்ப்பொருள்' என்ற சொல்லே கொஞ்சம் வழிதவறச் செய்கிறது. எதிர் என்றால் பகை என்று காதில் விழுகிறது. எதிர்வீடு என்கிறோமே, எதிரில் இருப்பது, முகத்துக்கு முகம் நிற்பது, அந்த அர்த்தத்தில் இதை வாசிக்க வேண்டும். ஆற்றலிலிருந்து பொருள் பிறக்கும்போதெல்லாம் எதிர்ப்பொருளும் கூடவே சம அளவில் பிறக்கிறது. பிரபஞ்சத்தின் தொடக்கக் கணங்களிலும் அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் நாம் எப்படி மிஞ்சினோம்? இருந்த எதிர்ப்பொருள் எங்கே போயிற்று?

இனி திருவாலங்காடு. சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற ரயில் பாதையில் சின்ன ஸ்டேஷன். 1960 வரை ஆந்திராவோடு இருந்து, எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த திருத்தணி வட்டாரம். ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. எழும்பூர் மியூசியத்தில் இருக்கிற பேர்பெற்ற திருவாலங்காட்டு நடராசர், பிரெஞ்சுச் சிற்பி ரோதான் புகைப்படத்தில் பார்த்து வியந்து எழுதினாரே அது, ஆனந்த தாண்டவம். ஆனால் ஊர் சொல்லும் கதை வேறு தாண்டவம். காளிக்கும் சிவனுக்கும் நாட்டியப் போட்டி. இருவரும் சமமாக ஆடுகிறார்கள். எந்த அடவு போட்டாலும் மறுபக்கத்தில் அதே அடவு. முடிவே வரவில்லை. அப்போது சிவனின் காதணி கீழே விழுகிறது. ஆட்டத்தை நிறுத்தாமல் கால்விரலால் எடுத்து, காலைத் தலைக்குமேல் தூக்கிக் காதில் மாட்டிக்கொள்கிறான். ஊர்த்துவ தாண்டவம். காளி நாணி நிற்கிறாள். போட்டி முடிந்தது.

சமமான இரண்டு, ஒரு சின்னக் கோணல், ஒன்று மட்டும் அரங்கில் மிச்சம். 'இதுதான் சரியான புராணம், செர்ன்காரர்களுக்குத் தப்பான நடராசரைக் கொடுத்துவிட்டார்கள்' என்று சொல்ல நாக்கு துடிக்கத்தான் செய்யும். சொன்னால் நானும் கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை எழுதியவன் ஆவேன். ஏனென்றால் இந்தப் பிரதி ஒரு விஷயத்தை மறைக்கிறது. காளி ஆட்டத்தில் தோற்கவில்லை. அவளால் காலைத் தூக்க முடியாது என்று கதையில் எங்கும் இல்லை. தூக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. நாணம் என்ற விதி போட்டிக்கு முன்பே, போட்டிக்கு வெளியே எழுதப்பட்டிருக்கிறது. அது ஒருத்திக்கு மட்டும் பொருந்தும், ஒருவனுக்குப் பொருந்தாது. கோணல் காதணியில் இல்லை, விதியில் இருக்கிறது. ஆனால் கதை சொல்கிறவர்கள் காதணியைத்தான் காட்டுகிறார்கள், ஏதோ தற்செயலாக விழுந்த மாதிரி.

இன்னொன்று. காளி அழியவில்லை, அனுப்பப்பட்டாள். இதே கதையைச் சொல்லும் தில்லையில் அவள் ஊரின் வடக்கு எல்லையில் இருக்கிறாள். திருவாலங்காட்டில் தனிக்கோயில், அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது வழக்கம். விளிம்பில் வைத்து முதல் மரியாதை கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஊருக்கு ஊர் பார்த்ததுதான். எதிர்ப்பொருளுக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு 'எல்லை' சொல்லப்பட்டது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்வேனும் க்ளைனும் 1960களில் வைத்த வாதம்: எதிர்ப்பொருள் எங்கும் போகவில்லை, பிரபஞ்சத்தின் வேறு பகுதிகளில் தனியாக இருக்கிறது, அங்கே எதிர்-நட்சத்திரங்கள், எதிர்-மண்டலங்கள். இந்த வாதத்தைச் சோதிக்க முடியும். இரண்டு பகுதிகளும் தொடும் எல்லையில் பொருளும் எதிர்ப்பொருளும் மோதி, குறிப்பிட்ட காமா கதிர்கள் ஓயாமல் வர வேண்டும். வானத்தில் அப்படி ஒரு எல்லைக்கோடு எரியவில்லை. 2011 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஏஎம்எஸ் என்ற கருவி எதிர்-ஹீலியத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. உறுதியாக ஒன்று கிடைத்தது என்று இன்னும் அறிவிக்கப்படவில்லை. ஆக, எதிர்ப்பொருள் ஊர் எல்லையில் இல்லை. அது அழிந்தது, தன்னோடு சம அளவுப் பொருளையும் கூட்டிக்கொண்டு. கணக்கு ஏறத்தாழ இப்படி: எதிர்ப்பக்கம் நூறு கோடி என்றால், நம் பக்கம் நூறு கோடியே ஒன்று. நூறு கோடியும் நூறு கோடியும் எரிந்தன. அந்த ஒன்றுதான் பால்வீதி, பூமி, அரக்கோணம் பாசஞ்சர், நீங்கள், நான். 'பொருள் ஜெயித்தது' என்று அறிவியல் கட்டுரைகளில் வரும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். நூறு கோடியில் ஒன்று தப்பிப்பதற்குப் பெயர் வெற்றியா?

எரிந்ததின் மிச்சம் இன்றும் இருக்கிறது. 1965-இல் பென்சியாஸும் வில்சனும் கண்டுபிடித்த நுண்ணலைப் பின்னணிக் கதிர், இப்போது மைனஸ் 270 டிகிரிக்கு ஆறிப்போன அந்த வெளிச்சம்தான். இந்தப் படத்துக்கு நெருக்கமாக ஒரு தமிழ்க்குரலைத் தேடினால் புராணக் கதைசொல்லியிடம் கிடைக்காது. காரைக்கால் அம்மையிடம்தான் போக வேண்டும். அவள் மூத்த திருப்பதிகங்களில் திருவாலங்காடு சபை அல்ல, சுடுகாடு. அவள் கண் ஆட்டத்தின் வெற்றிதோல்வியில் நிற்பதில்லை. எரிந்து முடிந்த பிறகு என்ன கிடக்கிறது, யார் வந்து அதைத் தின்கிறார்கள் என்பதிலேயே நிற்கிறது. நாணம் என்ற விதிக்கு அகப்படாமலிருக்க அவள் செய்தது, அழகிய உடம்பைக் கழற்றிப் பேயானது. ஊருக்குள் தலையால் நடந்து வந்தாள் என்கிறது பெரியபுராணம். (பழையனூர் நீலி பக்கத்து ஊர்தான். அவளை இங்கே இழுத்தால் கட்டுரை அவளுடையதாகிவிடும், விட்டுவிடுகிறேன்.) அம்மை இயற்பியல் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. மிச்சத்தைப் பார்த்து எழுதுவது ஒரு பார்வை, ஆட்டத்தைப் பார்த்து எழுதுவது வேறொரு பார்வை. காப்ராவுக்குக் கிடைத்தது இரண்டாவது.

சரி, அந்த ஒன்று எப்படி மிஞ்சியது? ஒரு சுலப விடை உண்டு. ஆதியிலேயே பொருள் கொஞ்சம் அதிகமாக இருந்தது, அவ்வளவுதான், மேலே கேட்காதே. இந்த விடையை நாம் வேறு இடத்தில் நிறையக் கேட்டிருக்கிறோம். ஏன் ஒருவன் மேலே, ஏன் இன்னொருவன் கீழே என்று கேட்டால் 'படைப்பிலேயே அப்படி'. இயற்பியலாளர்கள் இந்த விடையை ஏற்கவில்லை என்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் முதலில் பிடித்தது. ஏற்காததற்கு உறுதியான காரணமும் இருக்கிறது. தொடக்கத்தில் பிரபஞ்சம் அதிவேகமாக ஊதி விரிந்தது என்றால், அதற்கு முன்பு இருந்த எந்த அதிகமும் நீர்த்துப்போயிருக்கும். அதிகம் பிறகுதான் உண்டாகியிருக்க வேண்டும், நடைமுறையில் இருக்கும் விதிகளாலேயே.

1967-இல் சோவியத் ரஷ்யாவின் ஆந்த்ரே சகாரவ் ஒரு சிறு கட்டுரையில் இதற்கு மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். ஹைட்ரஜன் குண்டு செய்தவர், பிறகு அதே அரசை எதிர்த்து 1980-இல் கோர்க்கி நகரத்துக்கு நாடு கடத்தப்பட்டவர், அவரேதான். ஒன்று, பொருளின் மொத்த எண்ணிக்கை மாற முடிய வேண்டும். அதாவது புரோட்டான் என்றைக்காவது சிதையக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு, இயற்கை விதி பொருளையும் அதன் கண்ணாடிப் பிம்பமான எதிர்ப்பொருளையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. மூன்று, இது நடக்கும்போது எல்லாம் வெப்பச் சமநிலையில் இருக்கக் கூடாது. சமநிலையில் முன்னே போகும் வினையும் பின்னே வரும் வினையும் ஒன்றையொன்று அடித்துவிடும், மிச்சம் விழாது. மூன்றாவது நிபந்தனையைப் படித்ததும் நம் தோழர்களுக்கு வேறு நினைவுகள் வரும். வரட்டும். ஆனால் உவமையை அதற்குமேல் இழுத்தால் அது அறுந்துவிடும்.

இரண்டாவது நிபந்தனைக்குச் சாட்சி ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1957-இல் சியென்-ஷியுங் வூ என்ற பெண்மணி, இயற்கைக்கு இடதும் வலதும் ஒன்றல்ல என்று கோபால்ட் அணுக்களை வைத்துக் காட்டினார். அந்த யோசனையைச் சொன்ன லீ, யாங் இருவருக்கும் அந்த ஆண்டே நோபல். செய்து காட்டிய வூவுக்கு இல்லை. (நாணம் என்ற விதி பல மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது.) 1964-இல் குரோனினும் ஃபிட்சும், கேயான் என்ற துகளின் சிதைவில், ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவில், பொருள்-எதிர்ப்பொருள் சமன்பாடு தப்புவதைக் கண்டார்கள். ஆயிரத்துக்கு இரண்டு! ஒருவன் இல்லை என்று மேடையில் சத்தியம் செய்யக்கூடிய அளவு. அளந்ததால்தான் தெரிந்தது. 2025-இல், செர்னிலேயே, புரோட்டானின் குடும்பத்தைச் சேர்ந்த பேரியான் ஒன்று அதன் எதிர்ப்பேரியானிலிருந்து மாறுபட்டுச் சிதைவது முதல் தடவையாக உறுதிப்பட்டது. வித்தியாசம் சுமார் இரண்டரை சதவீதம். ஆனாலும் இன்றுவரை அளக்கப்பட்ட கோணல்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த 'ஒன்றை' மிஞ்சவைக்கப் பல கோடி மடங்கு போதாது என்கிறார்கள். காதணி எங்கே விழுந்தது என்று தெரிந்துவிட்டது. விதி முழுசாகப் பிடிபடவில்லை.

முதல் நிபந்தனைதான் நம்மோடு சம்பந்தப்பட்டது. புரோட்டான் சிதைகிறதா? சிதையும் என்று 1970களில் பாதி, சலாம் ஒரு பக்கமும், ஜார்ஜி, கிளாஷோ இன்னொரு பக்கமும் கொள்கை எழுதினார்கள். ஒரு புரோட்டானின் ஆயுள் 1-க்குப் பின்னால் முப்பதுக்குமேல் சுழி போட்ட ஆண்டுகள். காத்திருந்து பார்க்க முடியாது. ஆகவே டன் கணக்கில் இரும்பையோ தண்ணீரையோ குவித்து, கோடானுகோடி புரோட்டான்களில் ஏதாவது ஒன்று சிதைகிறதா என்று பார்க்க வேண்டும். வானத்திலிருந்து ஓயாமல் பெய்யும் விண்கதிர்த் துகள்கள் தொந்தரவு செய்யாத ஆழத்தில் பார்க்க வேண்டும். அத்தகைய ஆழம் உலகத்தில் ஒருசில இடங்களில்தான் இருந்தது. ஒன்று கோலார் தங்கவயல்.

திருவாலங்காட்டில் ரயில் ஏறி அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, பங்காருபேட்டை, மாரிகுப்பம். இதே பாதையில்தான் 1880களிலிருந்து வடஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சேரிச்சனங்கள் ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களுக்குப் போனார்கள். பண்ணையை விட்டுத் தப்பிக்க மூன்று கிலோமீட்டர் மண்ணுக்குக் கீழே இறங்கலாம் என்று முடிவு செய்தவர்கள். பாறைவெடிப்பில் செத்தார்கள், சிலிக்காத் தூசியில் நுரையீரல் கெட்டுச் செத்தார்கள். அங்கேதான் அயோத்திதாசரின் பௌத்தம் வேர் பிடித்தது. அவர் மறைவோடு நின்றுபோன 'தமிழன்' பத்திரிகையை 1926-இல் மறுபடி தொடங்கியது கோலார் வயல்தான். 1930-இல், கைரேகை வைக்கச் சொன்னதை எதிர்த்து மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள்.

அந்தச் சுரங்கத்தில் 1965-இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைப் பதிவு செய்தன. அதே ஆண்டு அதே கண்டுபிடிப்பைச் செய்த இன்னொரு குழு ரெய்ன்ஸுடையது. அவர்கள் இறங்கிய இடம் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச்சுரங்கம். நிறவெறி அரசு, கறுப்புத் தொழிலாளி. இரண்டு குழுவுக்கும் ஆழம் கிடைத்ததற்குக் காரணம் ஒன்றே: அவ்வளவு ஆழத்துக்கு மனிதர்களை மலிவாக இறக்க முடிந்த சமூகங்கள் அவை. இதைச் சொல்வதால் அந்த விஞ்ஞானத்தின் மதிப்பு ஒரு குன்றிமணியும் குறையாது. சொல்லாமல் விட்டால் வரலாறு குறையும்.

பிறகு 1980-இல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 140 டன் எடையில், இரும்புத் தகடுகளும் கணிப்பான்களும் அடுக்கடுக்காக வைத்து, இந்திய-ஜப்பான் குழு புரோட்டான் சிதைவைத் தேடத் தொடங்கியது. உலகில் இதற்கென்றே அமைத்த முதல் கருவிகளில் ஒன்று. சில நிகழ்வுகள் சிதைவு போலத் தெரிவதாக அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவிலும் ஜப்பானின் கமியோகாவிலும் பெரிய தண்ணீர்த் தொட்டிகள் வைத்துத் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் கோலார் ஆய்வு நின்றது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கமே மூடப்பட்டது. கீழே தண்ணீர் ஏறிவிட்டது. இன்றுவரை எங்கும் ஒரு புரோட்டான் சிதைந்ததை உறுதியாக யாரும் பார்க்கவில்லை.

நான் படித்தவரை, இந்த ஆய்வைப் பற்றிய விஞ்ஞானிகளின் நினைவுக் கட்டுரைகளில் ஆழம் வருகிறது, வெப்பம் வருகிறது, சுரங்க நிர்வாகத்துக்கு நன்றி வருகிறது. 140 டன்னும் கூண்டில் ஏற்றி இறக்கப்பட்டிருக்க வேண்டும், தள்ளுவண்டியில் போயிருக்க வேண்டும். யார் தள்ளினார்கள் என்பது வருவதில்லை. இன்னொரு பக்கம், கோலாரைப் பற்றிய நம் தலித் வரலாற்று எழுத்தில் சங்கம் வருகிறது, பௌத்தம் வருகிறது, அண்ணல் வருகிறார். தங்கள் காலடியில் பிரபஞ்சத்தின் மிச்சக் கணக்கு தேடப்பட்டது அதில் வருவதில்லை. இரண்டு பிரதிகளும் ஒரே குழிக்குள் இருந்துகொண்டு ஒன்றையொன்று பார்க்கவில்லை. இதைவிடப் பெரிய வாசிப்புத் தோல்வி எனக்குத் தெரியவில்லை.

இதன் விலையைத் தேனி பொட்டிப்புரத்தில் கொடுத்தோம். அங்கே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையிலான கோணல் நியூட்ரினோவில் ஒளிந்திருக்கலாம் என்பது இன்றைய வலுவான ஊகங்களில் ஒன்று. ஜப்பானின் டி2கே ஆய்வு 2020-இல் அதற்கு ஒரு சாடை காட்டியது. தேனிக் கருவி அந்தக் கோணலை நேராக அளக்க வந்ததல்ல. நியூட்ரினோக்களின் எடை வரிசையைக் கண்டுபிடிக்க வந்தது. அது தெரியாமல் கோணலின் அளவைச் சரியாக வாசிப்பது கடினம். இதையெல்லாம் ஊர்க்காரர்களிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா? 'கோலாரின் பாரம்பரியம்' என்றார்கள். எந்தக் கோலார், யாருடைய பாரம்பரியம் என்று கேட்டால் பதிலில்லை. எதிர்ப்பாளர்கள் பக்கம், மலை, தண்ணீர், வெடிவைப்பு, புலிகளின் வழித்தடம் என்று நியாயமான கேள்விகள் இருந்தன. அவற்றோடு நியூட்ரினோவே விஷக்கதிர் என்ற கட்டுக்கதையும் சேர்த்து விற்கப்பட்டது. நொடிக்கு லட்சம் கோடிக்குமேல் நியூட்ரினோக்கள் நம் ஒவ்வொருவர் உடம்பையும் துளைத்துப் போய்க்கொண்டிருக்கின்றன, சூரியனிலிருந்து. அந்தக் கட்டுக்கதை நியாயமான கேள்விகளைப் பலவீனப்படுத்தியது என்பது என் கணிப்பு. 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்துக்கு எதிராக நின்றது. மலை தப்பித்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் விவாதம் நடக்கவில்லை.

ஜப்பானில் கமியோகா ஒரு பழைய துத்தநாகச் சுரங்கம். அந்தச் சுரங்கத்தின் காட்மியக் கழிவு ஆற்றில் கலந்து, வயலுக்குப் பாய்ந்து, எலும்பு முறியும் 'இத்தாய்-இத்தாய்' நோயைக் கொண்டுவந்தது. இத்தாய் என்றால் ஜப்பான் மொழியில் 'வலிக்குது' என்று அர்த்தம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வயதான உழவர்வீட்டுப் பெண்கள். கம்பெனிமேல் வழக்குப் போட்டு 1972-இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். புரோட்டான் சிதைவைத் தேடி அந்தச் சுரங்கத்தில் வைத்த தொட்டிதான் 1987-இல் வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோவைப் பிடித்தது, நோபலும் வாங்கியது. அதன் அடுத்த தலைமுறைத் தொட்டி இப்போது பக்கத்து மலையில் கட்டப்பட்டுவருகிறது. இரண்டரை லட்சம் டன் தண்ணீர் பிடிக்கும். அந்தப் பெண்களின் வழக்கைப் பற்றித் தமிழில் விரிவாக எழுத வேண்டும். கோலாரில் கூண்டு இயக்கியவர்கள், டிராலி தள்ளியவர்களில் சிலர் இன்னும் சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் இருக்கக்கூடும். எழுபது, எண்பது வயதாகியிருக்கும். அந்த இரும்புப் பெட்டியை அவர்கள் தங்களுக்குள் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.